பச்சைப் புழு கண்ணில் படும்போது பாதி நாற்று போயிருக்கும்

எலுமிச்சை நாற்று போட்டு விற்கலாம் என்று யாராவது இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், விதை எந்த மரத்துப் பழத்தில் எடுப்பது, பை எந்த அளவு, மண் கலவை எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அதையெல்லாம் கேட்டுத்தான் இறங்கினேன். எலுமிச்சை அழகி என்று ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு, அது எப்போது வரும், எங்கே முட்டை வைக்கும், எவ்வளவு வேகத்தில் நாற்றை மொட்டையடிக்கும் என்பதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேண்டுமென்று மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் வளர்ந்த மரம் வைத்திருப்பவருக்கு இந்தப் புழு ஒரு பொருட்டே கிடையாது. ஆயிரக்கணக்கில் இலை இருக்கிற மரத்தில் நாற்பது இலை போனால் யார் கண்ணில் படும்? பையில் எட்டுப் பத்து இலையோடு நிற்கிற நாற்றுக்கு அதே புழுதான் எமன். இது எனக்கு விளங்குவதற்குள் ஏறக்குறைய 80,000 ரூபாய் போய்விட்டது.

எங்கள் ஊர் தென்காசி மாவட்டத்தில், புளியங்குடிக்குப் பக்கம். எலுமிச்சைக்குப் பேர்போன வட்டாரம். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். மாமனார் இருந்தவரை கிணற்றடியில் கொஞ்சம் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார், அவருக்குப் பிறகு அந்த இடம் சும்மாவே கிடந்தது. தண்ணீர் இருக்கிறது, நிழல்வலை கட்டினால் நாற்று போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து 50,000 வாங்கினேன், மீதி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது. வலைக்கும் கம்பத்துக்கும் 18,000 ஆனது. பை, செம்மண், மணல், தொழுவுரம், கூலி எல்லாம் சேர்ந்து நாற்று ஒன்றுக்குப் பத்து ரூபாய் வாக்கில் வந்தது. தை மாதம் விதை போட்டோம். எலுமிச்சை விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைப்பு போய்விடும், பழத்திலிருந்து எடுத்ததும் போட்டுவிட வேண்டும். அதெல்லாம் சரியாகவே நடந்து 4,000 நாற்று தேறியது. ஆனியில் ஒரு வியாபாரி வந்து பார்த்தார். ஐப்பசியில் 3,500 நாற்று எடுத்துக்கொள்கிறேன், நாற்று 32 ரூபாய் என்று பேசி 20,000 முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். 1,12,000 ரூபாய். அன்று ராத்திரி அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன்.

ஆடியில் சாரல் பிடித்தது. எங்கள் தொட்டிக்குக் கீழே தண்ணீர் கசிந்து மண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் அந்த ஈரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கும்பலாக வந்து உட்காரும். கறுப்பு இறகில் வெளிர்மஞ்சள் திட்டுகள், பின்னிறகின் உள்ளோரத்தில் ஒரு செங்கல் நிறப் பொட்டு. விரித்தால் உள்ளங்கை அகலம் இருக்கும். இந்தக் குடும்பத்தில் பல பூச்சிகளுக்குப் பின்னிறகில் வால் போல நீட்டிக்கொண்டிருக்கும், இதற்கு அது கிடையாது. நான் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன், நம் தோட்டத்துக்கு விருந்தாளி வந்திருக்கிறது என்று. ஈரமண்ணில் அப்படிக் கூடுவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள், மண்ணிலிருக்கும் உப்பை உறிஞ்ச வருகின்றன. அவற்றால் நேரடியாக ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஆண்கள் இத்தனை இருந்தால் பெண்களும் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். நாற்று வைத்திருப்பவர் அந்தக் கும்பலைப் பார்த்ததும் நாற்றுப் பக்கம் திரும்ப வேண்டும்.

பெண் பூச்சி தனியாக வரும். அது வெயிலில் விர்ரென்று பறந்து போகிற பூச்சிதான், முட்டை வைக்க வரும்போது மட்டும் போக்கே மாறிவிடும். செடிக்குச் செடி தாழப் பறந்து, இலை மேல் ஒரு நொடி நின்று முன்னங்காலால் தட்டிப் பார்க்கும். இலையின் சுவை அதற்குக் காலிலேயே தெரியும். எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் என்று உறுதியானதும், இறகை அடித்துக்கொண்டே வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டை ஒட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். குவியலாக வைக்கிற பழக்கம் இல்லை. நாற்றங்காலில் அதுதான் பெரிய கேடு. ஒரு செடியில் ஐம்பது முட்டை வைத்தால் அந்த ஒரு செடியோடு போகும். இது ஐம்பது செடியில் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டுப் போகிறது. அதுவும் முற்றின இலையில் பெரும்பாலும் வைக்காது, துளிராகப் பார்த்து வைக்கும். சாரலோடு சாரலாக, ஐப்பசிக்குள் நாற்று தழைந்து நிற்க வேண்டும் என்று யூரியா கொஞ்சம் கரைத்து ஊற்றியிருந்தேன். எல்லோரும் செய்வதுதான். அடுத்த வாரமே நாலாயிரம் நாற்றும் ஒன்றாகத் துளிர்விட்டன. பூச்சிக்குப் பந்தி விரித்தாயிற்று.

முட்டை கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது, வெளிர்மஞ்சள், உருண்டை, வழவழப்பு. இலையின் மேல்பக்கமும் இருக்கும், அடிப்பக்கமும் இருக்கும், துளிரின் காம்பிலும் இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, செடி உயரத்துக்குக் குனிந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். பொரிந்த புழு முதலில் தன் முட்டை ஓட்டைத் தின்னும், அப்புறம்தான் இலைக்கு வரும். எங்களிடம் களை எடுக்க வருகிற ஆச்சி ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினார். இலைக்கு நடுவில் பழுப்பும் கறுப்புமாக, மேலே வெள்ளைத் தீற்றலோடு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "குருவி எச்சம்மா, மழ பெஞ்சா கழுவிட்டுப் போயிரும்" என்றார். பார்த்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். அந்தப் புழு பிழைப்பதே அப்படி நம்மை நினைக்க வைத்துத்தான். பறவையும் தன் எச்சத்தைத் தானே கொத்தாது என்பதால் இலைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும். நாற்றங்காலில் இலைக்கு நடுவில் ஒன்றிரண்டு எச்சம் ஒரே அளவில், ஒரே மாதிரி தெரிந்தால் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். எச்சம் நகராது.

இந்தப் புழு ஐந்து பருவம் வளர்கிறது, ஒவ்வொரு பருவத்துக்கும் தோல் உரிக்கிறது. முதல் நான்கு பருவமும் எச்ச வேடம். கடைசித் தோலை உரித்ததும் ஆளே மாறி, வழவழவென்று பச்சையாக, பக்கவாட்டில் பழுப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த பட்டைகளோடு வெளியே வரும். விரல் நீளம் வளரும். தன் வாழ்நாளில் தின்கிற இலையில் பெரும்பகுதியை இந்தக் கடைசி சில நாளில்தான் தின்கிறது. முதல் பருவங்களில் இலையோரத்தைக் கொஞ்சம் கொறித்திருக்கும், அது யாருக்கும் உறைக்காது. பச்சையானதும் ஒரே ராத்திரியில் முழு இலையையும் காம்போடு முடித்துவிட்டு, இலை தீர்ந்தால் உரசிக்கொண்டிருக்கும் பக்கத்து நாற்றுக்கு ஏறும். ஆவணியில் ஒரு காலை நான் பார்த்தபோது வலை ஓரத்து வரிசைகளில் வெறும் குச்சிகள்தான் நின்றன. ஆடுதான் புகுந்துவிட்டது என்று முதலில் வேலியைப் பார்க்கப் போனேன்.

ஒரு புழுவைப் பிடுங்கப் போனதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு, பாம்பு நாக்கை நீட்டினது போல வெளியே வந்தது. கூடவே அழுகின பழ வாடை. கையை உதறிவிட்டேன். அது கொம்பும் இல்லை, கொட்டாது, கடிக்காது, அரிப்பும் வராது. எறும்பு மாதிரி சின்ன எதிரிகளை விரட்ட வைத்திருக்கிற சுரப்பி, பயம் போனதும் உள்ளே மடக்கிக்கொள்ளும். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆளை வைத்துக் கையால் பொறுக்கியிருப்போம். வேலைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் விஷப்புழு என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் வரவே இல்லை. வந்தது ஆச்சி மட்டும்தான்.

மருந்துக்கடைக்குப் போனேன். கையில் ஒரு குச்சி நாற்றும், பையில் ஒரு புழுவும். கடைக்காரர் புழுவைப் பார்க்கவே இல்லை. இரண்டு மருந்தை எடுத்து வைத்து, கூடவே ஒட்டுப் பசை ஒன்றையும் வைத்து, மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார். அடித்தோம். பச்சைப் புழுக்களில் கொஞ்சம் கீழே விழுந்தன, மீதி இன்னும் தின்றுகொண்டிருந்தன. வெயில் ஏறியதும் மிச்சமிருந்த துளிர் கருகியது. கொஞ்ச நாளில் மறுபடியும் எச்சங்கள், மறுபடியும் பச்சைப் புழு. திரும்பக் கடைக்குப் போனால் இன்னும் வீரியமாக ஒன்று. மருந்துக்கும் அடிகூலிக்குமாக 9,000 ரூபாய் வரை அதில் போனது. வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன், வீட்டுக்காரரிடம் போனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு வலைக்குள் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமெல்லாம் இல்லை.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை புழுவின் நாள்கணக்கில் இருக்கிறது. முட்டையாக மூன்று நான்கு நாள், புழுவாக இரண்டு வாரம் வாக்கில், கூட்டுப்புழுவாக ஒரு வாரத்துக்கு மேல், ஆக ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை. வெயில் காலத்தில் சீக்கிரம் ஓடும், குளிரில் இழுக்கும். நம் ஊர் மாதிரி வெப்பமான இடத்தில் வருடம் முழுக்க இது ஓயாது, மழைக்குப் பின் துளிர்விடுகிற மாதங்களில் மிக அதிகம். பச்சைப் புழு கண்ணில் படுகிற நாளில் அதே வலைக்குள் முட்டையும் இருக்கும், எச்ச வேடத்தில் சின்னப் புழுவும் இருக்கும், கம்பத்தில் கூட்டுப்புழுவும் இருக்கும். மருந்து நன்றாக வேலை செய்வது சின்னப் புழு மேல்தான். பெரியது தாங்கிக்கொள்கிறது, முட்டைக்குள்ளும் கூட்டுக்குள்ளும் இருப்பதற்குப் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. அதோடு, இதைத் தின்கிற குளவி, சிலந்தி, கும்பிடுபூச்சி எல்லாவற்றையும் மருந்து முதலில் முடித்துவிடுகிறது. மருந்து வாங்கியே ஆக வேண்டும் என்றால் டப்பாவில் இருக்கிற சாய்சதுரக் கட்டத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை கடைசி. எனக்குக் கொடுத்ததில் ஒன்று சிவப்பு. வீட்டுக்கும் நாற்றுக்கும் நடுவில் இருந்தது ஒரு துணிக்கொடி மட்டும்தான்.

புரட்டாசிக் கடைசியில் வியாபாரி வந்தார். வலைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். "என்னம்மா, குச்சிய வளத்து வச்சிருக்கிய? இதக் கொண்டுபோயி யார் தலயில கட்டச் சொல்லுதிய?" என்றார். அண்ணாச்சி, ஒரு மாதம் பொறுங்கள், திரும்பத் துளிர்க்கும் என்று கெஞ்சினேன். அவருக்கு அவர் பாடு, நடவு மழைக்கு முன்னால் கொடுக்க வேண்டுமே. பார்க்கிற மாதிரி இருந்த 900 நாற்றை 20 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, முன்பணத்தில் கழித்தது போக 2,000 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். 1,400 நாற்று பிழைக்கவே இல்லை. பிழைத்தவற்றில் 1,500 நாற்று அடுத்த தையில் 15 ரூபாய் விலைக்குச் சில்லறையாகப் போனது. மிச்சம் ஒரு இருநூறு நாற்று அங்கங்கே கொடுத்தேன். பேசியதற்கும் வந்ததற்கும் 71,500 ரூபாய் குறைந்தது, அதோடு மருந்துச் செலவு. அடகு வட்டியை இதில் சேர்க்கவில்லை. ஒப்பந்தம் பேசுகிறபோது, நாற்று சேதமானால் தேதியைத் தள்ளிக்கொள்ளலாமா, எந்த உயரம் எத்தனை இலை இருந்தால் எடுப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு என்றால் நாற்றை வாங்குகிறவருக்குத்தான் வசதி.

அவர் போன பிறகு ஆத்திரத்தில் நான் செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பாடமாக முடிந்தது. முட்டையும் புழுவுமாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியில் கொசுவலைத் துணி கட்டி, தினம் இலை போட்டு வைத்தேன். இது என்ன செய்கிறது என்று முழுசாகப் பார்த்துவிடுவது என்று ஒரு வைராக்கியம். என் மகள்தான் நோட்டில் தேதி போட்டு எழுதினாள். பச்சைப் புழு ஒருநாள் தின்பதை நிறுத்தி, வயிற்றிலிருப்பதை எல்லாம் வெளியேற்றிவிட்டுச் சுருங்கியது. குச்சியில் வால் நுனியை நூலால் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கயிறு கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றது. மறுநாள் தோலை உரித்துக் கூட்டுப்புழு. பச்சை இலைக்கு நடுவில் கட்டினது பச்சையாகவும், காய்ந்த குச்சியில் கட்டினது பழுப்பாகவும் இருந்தன. அப்போதுதான் வலைக்கம்பங்களைப் போய்த் தடவிப் பார்த்தேன். மூங்கிலோடு மூங்கிலாகப் பழுப்பில் அத்தனை கூடு. அடித்த மருந்தெல்லாம் செடியில், பூச்சி நின்றது கம்பத்தில்.

இன்னொன்றும் அந்த டப்பாவில்தான் தெரிந்தது. சில முட்டைகள் பொரியாமல் முழுக்கக் கறுத்து நின்றன. அதிலிருந்து கண்ணுக்கு எட்டியும் எட்டாத அளவில் குளவிகள் வந்தன. முட்டைக்குள் முட்டை வைத்து, உள்ளே இருப்பதைத் தின்று வளர்கிற ஒட்டுண்ணிக் குளவி. கூட்டுப்புழுவுக்கும் அதே மாதிரி வேறு குளவி உண்டு. வண்ணத்துப்பூச்சி வெளியே வந்த கூடு தலைப்பக்கம் பிளந்திருக்கும், குளவி வந்த கூட்டில் ஊசியால் குத்தினது போல வட்டமாக ஓட்டை இருக்கும். உங்கள் கம்பங்களில் ஓட்டை விழுந்த கூடுகள் நிறைய இருந்தால் வேலை பாதி தானாக நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கே மருந்தை எடுக்காதீர்கள். பொரியப்போகிற நல்ல முட்டையும் கடைசியில் கருமையாகும், ஆனால் அதில் புழுவின் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். குளவி பிடித்தது முழுக்கக் கறுப்பு. அதனால் இப்போது பொறுக்குகிற முட்டைகளை நசுக்குவதில்லை. டப்பாவில் போட்டு வலைத்துணி கட்டி நாற்றுக்கு நடுவிலேயே வைத்துவிடுகிறேன். பொரிகிற புழு உள்ளேயே பட்டினியில் சாகும், குளவி துணிக்கண் வழியாக வெளியே வந்துவிடும்.

இந்த வருடம் நான் செய்வதைச் சொல்கிறேன். உரத்தை மொத்த நாற்றுக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை, பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுக்கிறேன். துளிர் விட்ட பாத்தியை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் ஆச்சியும் நானும் குனிந்து பார்த்துவிடுகிறோம். முட்டை பொரிய மூன்று நாள் என்பதால் அந்த இடைவெளி போதும். துளிர் முற்றிவிட்டால் அந்தப் பாத்தியை விட்டுவிடலாம். நிழல்வலை மேலே மட்டும் இருந்தது, இப்போது நாலு பக்கமும் பழைய மீன்வலை கட்டியிருக்கிறேன். இந்தப் பூச்சி பெரியது என்பதால் நுண்ணிய பூச்சிவலைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. செடி வலையை ஒட்டி நிற்காமல் ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும், ஒட்டி நின்றால் வெளியே நின்றபடியே துளிரில் வைத்துவிட்டுப் போய்விடும். கிணற்றடியில் கறிவேப்பிலை மரம் ஒன்றும், கோயிலை ஒட்டி வில்வமும் நிற்கின்றன. விளா, நாரத்தை என்று இந்தக் குடும்பத்து மரம் எது இருந்தாலும் பூச்சி அங்கே பெருகி இங்கே வரும். வெட்டத் தேவையில்லை, நாற்றங்காலை அவற்றிலிருந்து தள்ளிப் போட்டால் சரி. வீட்டுக் கொல்லையில் காய்க்கிற பழைய எலுமிச்சை மரம் ஒன்று இருக்கிறது. பெரிய புழு கிடைத்தால் அதில்தான் கொண்டுபோய் விடுகிறேன். அந்த மரம் தாங்கும், செம்போத்து வந்து பாதியைத் தின்றுவிட்டும் போகிறது.

பொறுக்க முடியாத அளவுக்குப் போனால் வேப்பங்கொட்டைக் கரைசல். பத்து லிட்டர் டேங்குக்கு அரைக்கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கரைத்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் துளிர் பொசுங்கும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற பாக்டீரியா மருந்து, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவில். அதைப் புழு தின்றால்தான் வேலை செய்யும். தின்ற கொஞ்ச நேரத்தில் வாய் கட்டிப்போகும், சாக ஒன்றிரண்டு நாள் ஆகும். உடனே விழவில்லை என்று மறுபடி அடிக்க வேண்டாம். இதுவும் சாயங்காலம்தான், வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். வண்ணத்துப்பூச்சி வகைப் புழு எது தின்றாலும் சாகும் என்பதால் பொத்தாம்பொதுவாக வேலி, களை எல்லாம் அடிக்காதீர்கள். கம்பத்தில் குளவிக்கூடு இருந்தால் கொளுத்தச் சொல்வார்கள். ஆள் நடக்கிற வழியில் இல்லாவிட்டால் விட்டுவைப்பேன், அவை புழுவைத் துண்டு போட்டுத் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். முசுறு என்கிற, மரத்தில் இலைக்கூடு கட்டும் சிவப்பு எறும்பையும் சொல்கிறார்கள். சீனாவில் ஆரஞ்சுத் தோட்டங்களில் பல நூற்றாண்டுகளாகவே முசுறுக் கூட்டைக் கொண்டுவந்து மரத்தில் கட்டும் வழக்கம் உண்டு. நாற்றுக்குள் கைவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு அது ஒத்துவராது, தோட்டக்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

நாற்றை ஏற்றி அனுப்பும்போது பையின் மடிப்பையும் அடித்தண்டையும் ஒருமுறை பாருங்கள், கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்குகிறவர் தோட்டத்துக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆசியாவில் இருந்த இந்தப் பூச்சி 2004இல் கரீபியனில் டொமினிக்கன் குடியரசில் தென்பட்டு, அடுத்த சில வருடங்களில் புவேர்ட்டோ ரிக்கோ, ஜமைக்கா, கியூபா என்று தீவுக்குத் தீவு போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆஸ்திரேலியாவில் இருக்கிற இதே இனம் எலுமிச்சைப் பக்கம் பெரும்பாலும் போவதில்லை, கார்போகரிசிச் செடியின் உறவான ஏதோ பயறுக் குடும்பத்துச் செடியைத் தின்று பிழைக்கிறது. அங்கே நாற்று போட்டிருக்கலாம் போல.

மாடியில் ஒரே ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. செடி முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தால் முட்டையைத் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள், ஒரு புழு போதும் அதை முடிக்க. இடுப்பு உயரம் தாண்டிவிட்டால் இரண்டு மூன்று புழு தின்றாலும் மறு துளிர் வந்துவிடும். கறிவேப்பிலையில் இதன் உறவான கறிவேப்பிலை அழகியின் புழுவும் வரும். அதற்கும் இதே எச்ச வேடம், இதே ஆரஞ்சுக் கொம்பு, வைத்தியமும் இதேதான். எந்தப் புழுவாக இருந்தாலும், ரசத்தில் கிள்ளிப் போடுகிற இலை மேல் கடை மருந்தை மட்டும் அடித்துவிடாதீர்கள். ஒரு குச்சியும் ஒரு டப்பாவும் போதும்.